எந்த வேலைக்குச் செய்த மோட்டார் சைக்கிள்?

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பார்க்கப் போகும் எம்மவர் அநேகமாக முதலில் கேட்பது "எத்தனை மைல் ஓடியிருக்கு?" என்பதுதான். அடுத்தது "கடைசி விலை என்ன?". இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகளே. ஆனால் இவற்றுக்கு முன்பாகக் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த வண்டியை எந்த வேலைக்கென்று செய்தார்கள்? இதுவரை இது எந்த வேலையைச் செய்தது?

லண்டனில் புதிதாகக் குடியமரும் எமது குடும்பங்களுக்கு மோட்டார் சைக்கிள் பொழுதுபோக்குப் பொருள் அல்ல. விடியற்காலை ஐந்து மணிக்குப் பெற்றோல் நிலையம் திறக்கப் போகிறவருக்கும், இரவு பதினொரு மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு வருகிறவருக்கும், உணவு விநியோகம் செய்து வீட்டு வாடகையில் ஒரு பங்கைக் கொடுக்கும் இளைஞருக்கும் அது பிழைப்புக்கான கருவி. சீட்டுக் காசில் வாங்கிய வண்டி ஒரு கிழமை கராஜில் கிடந்தால், அந்தக் கிழமை வருமானமும் அங்கேயே கிடக்கிறது. ஆகவே இது கொஞ்சம் யோசிக்க வேண்டிய விடயம்.

ஒரே நிறுவனம் செய்யும் இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்வோம். சேற்று மைதானத்தில் பாய்ந்தோடும் மோட்டோகுறொஸ் போட்டி வண்டியின் கைநூலில் பிஸ்ரன் மாற்றும் காலம் மைல்கணக்கில் எழுதப்பட்டிருக்காது, மணிக்கணக்கில் எழுதப்பட்டிருக்கும். இதைத் தயாரிப்பாளரின் குறை என்று சொல்ல முடியாது. பாரம் குறைய வேண்டும், வலு கூட வேண்டும் என்பது அந்த வண்டிக்கு இட்ட கட்டளை. அதற்கு விலையாக ஆயுளைக் கொடுத்திருக்கிறார்கள். அதே நிறுவனத்தின் சிறிய வேலை வண்டியோ ஒயிலை ஒழுங்காக மாற்றி வந்தால் ஆண்டுக்கணக்கில் எஞ்சினைத் திறக்க விடாது. இரண்டிலும் "ஹொண்டா" என்றுதான் எழுதியிருக்கும். பெயரைப் பார்த்து வாங்குவோர் ஏமாறுவது இங்கேதான்.

நூடில்ஸ் கடைப் பையனுக்காக

1958இல் யப்பானில் ஹொண்டா நிறுவனம் "சுப்பர் கப்" என்ற சிறிய வண்டியை வெளியிட்டது. எஞ்சின் வேலை சொய்சிரோ ஹொண்டாவுடையது. விற்பனையும் கணக்கும் அவருடைய பங்காளி தக்கேயோ புஜிசாவாவுடையவை. நூடில்ஸ் கடைப் பையன் ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு மற்றக் கையால் ஓட்டக்கூடிய வண்டி வேண்டும் என்று புஜிசாவா கேட்டதாகச் சொல்வார்கள். கதை எப்படியோ, வண்டியைப் பார்த்தால் அந்தக் கட்டளை அதன் ஒவ்வொரு பாகத்திலும் தெரியும். இடது கையில் கிளச் பிடி இல்லை. வேகத்துக்கு ஏற்பத் தானே பிடித்துத் தானே விடும் கிளச். சேறு காலில் தெறிக்காமல் முன்னால் பெரிய பிளாஸ்டிக் மறைப்பு. அக்காலத்து யப்பானில் தார் போடாத தெருக்கள் ஏராளம் என்பதால் 17 அங்குலச் சில்லுகள். செயினுக்கு முழு மூடி. அந்த அளவுச் சிறிய வண்டிகளுக்குப் பெற்றோலோடு ஒயில் கலந்து ஊற்றுவது வழக்கமாயிருந்த காலத்தில், ஒயில் கலக்கத் தேவையில்லாத நான்கு அடி எஞ்சின்.

இந்த வகை வண்டிகள் 2017இல் பத்துக் கோடியை எட்டின. இயந்திர ஊர்தி எதுவும் ஒரு பெயரில் இவ்வளவு எண்ணிக்கையில் செய்யப்பட்டதில்லை. இது நின்றுபிடித்ததற்கு முக்கிய காரணம் அதனிடம் அளவுக்கு மேல் எதையும் கேட்காததுதான். சிறிய பாரம், நடுத்தர வேகம், அடிக்கடி நின்று புறப்படும் ஓட்டம். அதற்காகவே செய்தார்கள், அதைத்தான் அது செய்தது.

ஆனால் இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அந்த எஞ்சினில் ஒயில் ஒரு லீற்றர்கூடப் பிடிக்காது. அந்தக் கொஞ்ச ஒயில்தான் எஞ்சினையும் கியரையும் கிளச்சையும் சேர்த்துக் காக்கிறது. கால் லீற்றர் குறைந்தாலே பெரிய பங்கு குறைந்ததாகிவிடும். கப் வண்டிக்குப் பராமரிப்பு வேண்டியதில்லை என்று சொல்பவர்கள் ஒயில் அளவுகோலை இழுத்துப் பார்க்காதவர்கள். பராமரிப்பு உண்டு, மலிவானது, இலகுவானது, ஆனால் அடிக்கடி செய்ய வேண்டியது.

லண்டனில் கறுப்பு ராக்சி ஓட்ட விரும்புகிறவர் "நொலெஜ்" எனப்படும் தெருப் பரீட்சையில் தேற வேண்டும். சாரிங் குறொஸைச் சுற்றி ஆறு மைலுக்குள் அடங்கும் ஏறத்தாழ 25,000 தெருக்களை மனதில் பதிப்பதற்குச் சராசரியாக மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். இதற்குப் படிப்பவர்கள் கைபிடியில் ஒரு பலகையைப் பூட்டி, அதில் வழிப் பட்டியலைச் செருகிக்கொண்டு தெருத் தெருவாகச் சுற்றுவார்கள். பல ஆண்டுகள் அவர்களுடைய விருப்ப வண்டியாக இருந்தது ஹொண்டா சி90. மெதுவாகப் போய், நின்று, பெயர்ப்பலகை பார்த்து, மீண்டும் புறப்படும் அந்த ஓட்டம் நூடில்ஸ் கடைப் பையனுடைய ஓட்டம்தானே!

ஊரில் எம்.டி.90 என்று எம்மவர் அறிந்த சிவப்பு ஹொண்டாவும் இதே குடும்பத்துப் பிள்ளைதான். அது யப்பானியத் தபால்காரர்களுக்கென்று செய்யப்பட்டது. வீட்டுக்கு வீடு நிறுத்த வேண்டும், கடிதப் பாரம் தாங்க வேண்டும் என்பதால் உறுதியான கரியர், வலுவான முன் போர்க், சிறிய சில்லுகள். அங்கே தபால் சுமந்து ஓய்ந்தபின் கப்பலேறி இலங்கைக்கு வந்து, எமது ஒழுங்கைகளில் அரிசி மூட்டையும் பிள்ளைகளும் சுமந்தது. பாரம் சுமக்கப் பிறந்த வண்டி என்பதால் அது தாக்குப்பிடித்தது.

ஒயில் மாற்றாதவர்களுக்கென்று ஓர் எஞ்சின்

இன்னொரு வண்டியின் கதை இதைவிடச் சுவையானது. ஹொண்டாவின் 125 சி.சி. வண்டிகளில் வால்வுகளை இயக்கும் கேம் தண்டு எஞ்சினின் தலையில் இருந்தது. வேகத்துக்கு அது நல்லது. ஆனால் ஒயில் அந்த உயரத்துக்கு ஏற வேண்டும். ஒயில் குறைந்தாலோ அழுக்கானாலோ முதலில் தேய்வது தலைதான். வளரும் நாடுகளில் இந்த வண்டிகள் சீக்கிரம் பழுதாவதைக் கண்ட பொறியியலாளர்கள் காரணம் தேடிப் போனார்கள். வண்டிச் சொந்தக்காரர் பலர் ஒயிலே மாற்றுவதில்லை, செயினுக்கு எண்ணெய் விடுவதில்லை, ஏற்றக்கூடிய பாரத்துக்கு மேல் ஏற்றுகிறார்கள் என்பது தெரிந்தது.

வழக்கமாக ஒரு நிறுவனம் "கைநூலை வாசியுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கும். இவர்கள் வண்டியை மாற்றினார்கள். கேம் தண்டைக் கீழே இறக்கி, பழைய பாணியில் நீண்ட கம்பிகளால் வால்வுகளைத் தள்ள வைத்தார்கள். செயினை முழுவதும் மூடினார்கள். 1976இல் வந்த அந்த வண்டிதான் சி.ஜி.125. காகிதத்தில் பார்த்தால் தொழில்நுட்பம் பின்னோக்கிப் போனது போலத் தோன்றும். பாகிஸ்தானில் அதன் வழித்தோன்றல்கள் இன்றும் தொழிற்சாலையில் இருந்து வெளிவருகின்றன. பிரித்தானியாவிலும் அது நெடுங்காலம் ஓட்டப் பழகுவோரின் வண்டியாக இருந்தது; கீழே போட்டு எழுப்பப்படுவதும் பராமரிப்பின்மையின் ஒரு வகைதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அலட்சியத்தைத் தாங்கும் வண்டிதான் அதிக அலட்சியத்துக்கு ஆளாகும். "இது எதையும் தாங்கும்" என்ற நம்பிக்கையில் பத்து வருடம் எவரும் கவனிக்காத சி.ஜி.125ஐவிட, ஒழுங்காகக் கவனிக்கப்பட்ட மென்மையான வண்டி நல்ல நிலையில் இருக்கலாம்.

எஞ்சினை அதன் நோக்கத்துக்கு வெளியே ஓட்டினால் என்ன நடக்கும் என்பதை எமக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1990இல் மீண்டும் போர் தொடங்கி, வடக்குக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்ட ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துக் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல இலகுவாக ஆவியாகாது. எரியாமல் மிஞ்சியது பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கும்; பிளக்கில் கரி படியும். அழுத்தம் குறைந்த பழைய எஞ்சின்கள் ஒருவாறு சமாளித்தன. ஒயிலை அடிக்கடி மாற்றி, பிளக்கைக் கழற்றித் துடைத்தவர்களின் வண்டிகள் கூடக் காலம் ஓடின. அந்தப் பழக்கம் உள்ளவர்கள் லண்டனில் அதை விட்டுவிடக் கூடாது.

கையை எதிர்பார்க்கும் புல்லட்

நெடுங்காலம் உழைக்கும் வண்டி என்றதும் தமிழ்நாட்டுக்காரர் புல்லட்டைச் சொல்வார்கள். இங்கிலாந்தின் றெடிச் நகரத்து றோயல் என்பீல்ட் வண்டியை இந்திய இராணுவம் எல்லைக் காவலுக்கென்று தெரிந்தெடுத்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டர்ஸுடன் கூட்டாக என்பீல்ட் இந்தியா தொடங்கப்பட்டு, சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் வண்டிகள் செய்யப்பட்டன. றெடிச் தொழிற்சாலை மூடப்பட்ட பின்னரும் சென்னையில் தொடர்ந்து செய்து, 1977இல் இருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் செய்தார்கள்.

பழைய 350 சி.சி. புல்லட்டின் எஞ்சின் 70 மில்லிமீற்றர் விட்டமும் 90 மில்லிமீற்றர் நீள அடியும் கொண்டது. மெதுவாகச் சுழன்று, மலைப் பாதையில் ஆளையும் பொதியையும் இழுப்பதற்கான அமைப்பு இது. அந்த வண்டி அடிக்கடி கையை எதிர்பார்க்கும். ரப்பெற் இடைவெளி பார்க்க வேண்டும், பொயின்ற் பார்க்க வேண்டும், அதிர்வில் தளரும் நட்டுகளை இறுக்க வேண்டும். ஆனால் எந்தத் தெருவோர மெக்கானிக்கும் சில சாவிகளை வைத்துக்கொண்டு அதைத் திருத்திவிடுவார். கப் வண்டி நிலைப்பதற்குக் காரணம் அது பெரிதாக எதையும் கேட்பதில்லை. புல்லட் நிலைப்பதற்குக் காரணம் அது கேட்பதை எவராலும் கொடுக்க முடியும். இவை இரண்டும் வேறு வேறு. கூலிக்கு ஆள் பிடித்தால் மணிக்கணக்கில் காசு போகும் லண்டனில், தானே சாவி பிடிக்கத் தெரியாதவருக்கு இரண்டாவது வகை கட்டுப்படியாகாது. மணிக்கு 70 மைலில் மோட்டர்வேயில் பழைய புல்லட்டை நாள்தோறும் ஓட்ட நினைப்பதும் அதன் பிறப்புக்கே விரோதமானது.

லண்டன் தூதுவர்கள்

1980களில் மத்திய லண்டனில் கடிதங்களும் ஒப்பந்தங்களும் புகைப்படங்களும் மோட்டார் சைக்கிள் தூதுவர்கள் கையில்தான் ஓடின. அவர்களில் பலர் விரும்பிய வண்டி 1978இல் வந்த ஹொண்டா சி.எக்ஸ்.500. தோற்றத்தில் அழகில்லை என்று இங்குள்ளவர்கள் அதற்குப் "பிளாஸ்டிக் புழு" என்று பட்டம் வைத்தார்கள். ஆனால் அதில் செயினே இல்லை. பின் சில்லை ஒரு தண்டு சுழற்றியது. எஞ்சினைத் தண்ணீர் குளிர்வித்தது. தூரப் பயணத்துக்கென்று செய்த வண்டி. மழையிலும் உப்பிலும் நாள் முழுவதும் ஓடுகிறவருக்குச் செயின் இல்லாதது பெரிய வரம். ஆரம்பத்தில் வந்தவற்றில் எஞ்சினுக்குள் இருந்த கேம் செயின் தொல்லை கொடுத்தது. அதைத் திருத்தியபின் தூதுவர்கள் அதை விடவில்லை. அழகையும் வேகத்தையும் பின்னுக்குத் தள்ளி, "இது எத்தனை நாள் வேலைக்கு வராமல் நிற்கும்?" என்று கேட்டு வண்டி தெரிந்தவர்கள் அவர்கள்.

இன்று அந்தத் தொழில் மின்னஞ்சலில் கரைந்துவிட்டது. தெருவில் நிற்பவை உணவுப் பெட்டி பூட்டிய 125 சி.சி. ஸ்கூட்டர்கள். இவற்றில் செயினும் கியரும் இல்லை. இரண்டு கப்பிகளுக்கு இடையில் ஒரு ரப்பர் பெல்ற் ஓடுகிறது. வேகத்துக்கு ஏற்பக் கப்பிகள் அகன்றும் ஒடுங்கியும் கியரின் வேலையைச் செய்கின்றன. வீட்டில் இருந்து வேலைக்குப் போய்வருகிறவரை மனதில் வைத்துச் செய்த வண்டி இது. அவருக்கு மிகப் பொருத்தமானது. விநியோகம் செய்கிறவருக்கும் உதவும். ஆனால் பெல்ற்றும், கிளச்சும், பிறேக் கட்டைகளும் சமிக்ஞை விளக்குக்கு விளக்கு தேயும். பின்னால் இருக்கும் பெட்டியின் பாரம் பின் ரயரைத் தின்னும்.

ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். விநியோகம் செய்பவர் நாளுக்கு 60 மைல், கிழமைக்கு ஆறு நாள், ஆண்டில் 50 கிழமை ஓடினால் 18,000 மைல். இரண்டு மைல் தள்ளியிருக்கும் கடைக்குக் கிழமையில் ஐந்து நாள் போய்வருகிறவருக்கு ஆண்டு முழுவதும் ஓடினாலும் ஆயிரம் மைலுக்குச் சற்று மேல்தான் வரும். "வருடத்துக்கு ஒரு சேவிஸ்" என்று இருவரும் சொன்னால் இருவருமே வண்டியைக் கொல்கிறார்கள். முதலாமவர் கைநூல் சொல்லும் மைல்கணக்கைப் பார்க்க வேண்டும். 2,500 மைலுக்கு ஒருமுறை ஒயில் மாற்றச் சொன்னால் அவருக்கு அது ஏழு கிழமைக்கு ஒருமுறை.

இரண்டாமவருக்கு வேறு விதமான தொல்லை. ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறினால் அது ஆவியாகப் போய்விடும். குளிர்காலத்தில் இரண்டு மைலில் நிறுத்தினால் சைலன்சருக்குள் தேங்கி உள்ளிருந்து கறள் பிடிக்கும். ஒயிலுக்குள் இறங்கி அதைப் பால்போல ஆக்கும். மைல் குறைந்த வண்டி எப்போதும் நல்ல வண்டியாக இருக்காமல் போவது இதனால்தான். இவர் மைலைப் பார்க்காமல் மாதத்தைப் பார்த்து ஒயில் மாற்ற வேண்டும். கிழமையில் ஒருநாளாவது அரை மணிநேரம் சேர்த்து ஓடவிடுவதும் நல்லது.

குளிர்காலத்து உப்பு இருவருக்கும் பொது. உறைபனிக்காக மாநகர சபைகள் தெருவில் தூவும் உப்பு செயினையும், பிறேக் பிஸ்ரன்களையும், நட்டுகளையும் அரிக்கும். ஊரில் இந்த எதிரியை நாங்கள் கண்டதில்லை. கடற்கரை வீதியில் வசித்தவர்களுக்கு மட்டும் ஓரளவு தெரியும். குளிர்ந்த தண்ணீரால் கழுவித் துடைத்து, திறந்த செயின் உள்ள வண்டியென்றால் எண்ணெய் விடுங்கள். சுடுதண்ணீர் அரிப்பை விரைவுபடுத்தும்.

கடதாசிகளும் இதே கேள்வியைத்தான் கேட்கின்றன. காப்புறுதிப் பத்திரத்தில் வண்டியின் பாவனை என்ன என்று ஓர் இடம் இருக்கும். சொந்தப் பாவனைக்கும் வேலைக்குப் போய்வருவதற்கும் எடுத்த காப்புறுதி, காசுக்கு உணவு விநியோகம் செய்வதற்குச் செல்லாது. அதற்கென்று தனியாக எடுக்க வேண்டும். காப்புறுதி இல்லாமல் பிடிபட்டால் 300 பவுண் தண்டமும் அனுமதிப்பத்திரத்தில் 6 புள்ளிகளும். வண்டியையும் பொலிசார் எடுத்துச் செல்லலாம். 17 வயதானவர் தற்காலிக அனுமதிப்பத்திரத்தோடு சி.பி.ரி. எனப்படும் அடிப்படைப் பயிற்சியை முடித்தால் "எல்" பலகையுடன் 125 சி.சி. வரை ஓட்டலாம். அது இரண்டு வருடம் செல்லும். பின்னால் ஆள் ஏற்றக் கூடாது, மோட்டர்வேயில் ஏறக் கூடாது.

சி90, சி.ஜி.125 என்று மேலே புகழ்ந்ததைப் படித்துவிட்டு உடனே ஒன்றை வாங்கிவிடாதீர்கள். 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லாப் பகுதிகளுக்கும் விரிந்த யூலெஸ் புகைக் கட்டணத் திட்டத்தில், யூரோ 3 தரத்தை எட்டாத மோட்டார் சைக்கிளுக்கு ஒரு நாளுக்கு 12.50 பவுண் கட்ட வேண்டும். பொதுவாக 2007 யூலைக்குப் பின்னர் பதிவானவை தப்பிவிடும். 40 வருடம் கடந்து பழமை வண்டியாகப் பதிவானவைக்கும் விலக்கு உண்டு. நடுவில் அகப்பட்டவற்றின் பதிவெண்ணை லண்டன் போக்குவரத்து நிர்வாகத்தின் இணையப் பக்கத்தில் போட்டுப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

பதிவெண் இன்னொன்றுக்கும் உதவும். வண்டி மூன்று வயதைக் கடந்ததும் ஆண்டுதோறும் எம்.ஓ.ரி. பரிசோதனை கட்டாயம், அந்தப் பரிசோதனைகளின் விபரத்தை அரசாங்க இணையத்தளத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். எந்த ஆண்டு எத்தனை மைல், பரிசோதகர் எதைக் குறையாகக் குறித்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். இரண்டு பரிசோதனைகளுக்கு இடையில் பதினைந்தாயிரம், பதினெட்டாயிரம் மைல் ஏறியிருந்தால், விற்பவர் "பல்கலைக்கழகத்துக்குப் போய்வந்த வண்டி" என்று சொன்னாலும் அது உணவுப் பெட்டி சுமந்த வண்டியாகவே இருக்கும். பின்னால் பெட்டி பூட்டிய துளைகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். அப்படியானால் வாங்கவே கூடாது என்பதில்லை. பெல்ற் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று பற்றுச்சீட்டைக் கேளுங்கள். பற்றுச்சீட்டு இல்லையென்றால் புதுப் பெல்ற்றின் விலையையும் பூட்டும் கூலியையும் கழித்துவிட்டு விலை பேசுங்கள்.